மகஜரின் கடைசிப் பந்தி

என் மனைவியின் சொந்தக் குரலை நாற்பது வருடங்களுக்குப் பிறகு நான் மறுபடியும் கேட்டது இன்னொருவருடைய கைத்தொலைபேசியில்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் எங்கள் வீதியின் முனையில் கிண்ணியாக்காரர் ஒருவரின் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. ஓய்வு பெற்றதிலிருந்து பின்னேரங்களில் அங்கே போய்ப் பேப்பர் வாசிப்பது என் வழக்கம். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நான் நானா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கிளாக்கர் ஐயா என்பார். அன்றைக்கு நான் படியேறும்போதே அவர் தன் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இஞ்ச பாருங்க கிளாக்கர் ஐயா. இது உங்கட வீட்டம்மாவெல்லோ?”

திரையில் கொங்கிரீட் தூண் போட்ட முள்ளுக்கம்பி வேலி தெரிந்தது. அதற்குப் பின்னால் பற்றைக்காடு. ஒரு கை செம்பிலிருந்து பாலைத் தூணின் அடியில் ஊற்றியது. பிறகு முகம் தெரிந்தது. என் மனைவிதான். ஆனால் அவள் பேசிய பேச்சு என் வீட்டில் பேசுகிற பேச்சல்ல.

“இந்தா பாருங்க, இதுதான் எங்க தம்பிக்குப் பால் ஊத்துற எடம். தம்பி இங்க இல்லைங்க. அவன டவுன்ல, யாரு எவருன்னு தெரியாதவங்க பக்கத்துல கொண்டுபோயிப் பொதைச்சிட்டு வந்துட்டோம். இங்க உள்ளுக்கு விடமாட்டேன்னுட்டாங்க. சரி, அம்மாவும் அப்பாவும் உள்ளுக்குத்தானே இருக்காங்க, அவங்க வாங்கி அவனுக்குக் குடுத்துருவாங்கன்னு இந்தக் கல்லுக்கே ஊத்துறோம். அந்தா, மஞ்சப் புள்ளி போட்ட குரோட்டன் தெரியுதா? அது எங்க அம்மா. பக்கத்துல செவப்பா, கோணலா நிக்கிறது எங்க அப்பா. உசுரோட இருக்கையிலயும் அவரு அப்புடித்தான் நிப்பாரு.”

நானா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “காலையில இருந்து எங்கட வீட்டுப் பொம்பிளையள் இதத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறாங்க. கீழ பாருங்க, எத்தினை ஆயிரம் பேர் பாத்திருக்கிறாங்க எண்டு.”

நான் பார்த்தேன். அந்த எண்ணைப் பார்த்தபோது என் நெஞ்சில் வந்தது பெருமையும் இல்லை, மைத்துனனை நினைத்த துக்கமும் இல்லை. பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பொறாமையையும் அதனால் நான் செய்த காரியத்தையும்தான் எழுதப் போகிறேன். அந்தக் காரியத்தை நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று இன்னமும் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல.

கந்தளாயில் சீனி ஆலை ஓடிய காலத்தில் நான் அங்கே கிளாக்கராக இருந்தேன். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்த குடும்பங்கள் சில ஆலைக்குக் கரும்பு வெட்டின. ஊருக்கு அப்பால் வாய்க்காலோரம் குடிசை போட்டு இருந்தார்கள். அவளுடைய தகப்பனும் அவர்களில் ஒருவர். அவளுடைய பேச்சைக் கேட்டுத்தான் நான் மயங்கினேன். ஒன்றைச் சொல்ல வந்தால் கேட்பவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோலச் சொல்வாள்.

ஆனால் கல்யாணம் முடிந்து அவளைத் திருகோணமலைக்குக் கூட்டிவருவதற்கு முன்னால் முதல் வேலையாக அந்தப் பேச்சை மாற்றினேன். ‘ஆமா’ வேண்டாம், ‘ஓம்’ என்று சொல் என்றேன். ‘முடியாது’ வேண்டாம், ‘ஏலாது’ என்றேன். என் வீட்டார் அவளைத் தோட்டக்காட்டாள் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அவள் கெதியாகப் பழகிக்கொண்டாள். சொல்லாத வரைக்கும் அவள் எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாள். அவளுடைய தகப்பன் மகளைப் பார்க்க ஒருமுறை வாழைக்குலையோடு வந்தார். என் வீட்டார் அவரைக் கேற்றடியில் வைத்துத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். நான் அன்றைக்குக் கந்தோரில் வேலையாக இருந்தேன் என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் அதிகாரிகளுக்கு மகஜர் எழுதுவதில் எனக்குப் பெயர் இருந்தது. வீதி விளக்கு, குடிநீர், தமிழில் பதில் தராத கந்தோர்கள் என்று எதற்கென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எங்கள் மொழியில் எங்களோடு பேசுங்கள் என்று அரசுக்கு நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அந்த வசனத்தை எழுதிய மேசைக்கு நாலு எட்டுத் தள்ளித்தான் என் மனைவி தன் பேச்சை அடக்கிக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள். கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பதும் நான்தான். பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்புவேன். சிலது வரும். நான் எழுதியதை வாசித்து ஒருவரும் அழுததில்லை. நானாவின் வீட்டுப் பெண்கள் திருப்பித் திருப்பிக் கேட்டதும் இல்லை.

வேலியின் கதை இதுதான். அந்தக் குடியிருப்பு ஆட்கள் தங்கள் இறந்தவர்களை வாய்க்காலுக்கு மேற்கே ஒரு மேட்டில் புதைத்துவந்தார்கள். கல்லறை கட்ட வசதி இல்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொப்பை நட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்பு ஓர் அரசுத் திணைக்களம் அந்த மேட்டைச் சேர்த்து வேலி போட்டது. கேட்கப் போனவர்களிடம், இங்கே கல்லறை எதுவும் இல்லையே, இது காடுதானே என்று சொல்லிவிட்டார்கள். மைத்துனன் இறந்தபோது டவுன் மயானத்தில்தான் புதைக்க முடிந்தது. நான் அதற்குப் போனேன். மூன்றாம் நாள் பால் ஊற்றுவதற்கு, முழங்கால் வலி என்று சொல்லிப் போகவில்லை. வேலியடியில் அவள் சொன்னதை அவளுடைய தம்பியின் மனைவி தொலைபேசியில் பிடித்துப் போட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். அம்மா இன்னும் சொல்லுங்க, அம்மா எப்ப வருவீங்க என்று. அவள் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லைவ் வர ஆரம்பித்தாள். அவள் சமைக்கிற குசினி யன்னலோரம் வெளிச்சம் நல்லது. அங்கே ஒரு கதிரையைப் போட்டு, தொலைபேசியை மா டின்னில் சாய்த்து வைத்துவிட்டுக் கதைப்பாள். அதே லைவில் இணைந்து தம்பியின் மனைவி வேலியோரமாக நடந்து தன் தொலைபேசியில் உள்ளே இருக்கும் குரோட்டன்களைக் காட்டுவாள். நான் முன் மண்டபத்தில் பேப்பரோடு இருப்பேன். காது குசினியில் இருக்கும்.

“வாங்க, வாங்க, எல்லாரும் வந்தாச்சா? இன்னைக்குப் பெரட்டுப் போடுவோம்” என்றுதான் தொடங்குவாள்.

தோட்டங்களில் காலையில் வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அவள் இறந்தவர்களுக்குப் பெரட்டுப் போட்டாள். வவுனியாவிலிருந்தும் ஹட்டனிலிருந்தும், கப்பலேறி இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் இருப்பவர்களிடமிருந்தும் எழுத்து வரும். அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

“‘செவப்புக்கு இந்தாண்ட, பச்சையும் வெள்ளையுமா, எல சுருண்டு இருக்கும், அது எங்க தாத்தா.’ ஏய், அந்தப் பக்கம் திருப்பிக் காட்டு புள்ள. ஆமா, இருக்காரு! நல்லாத் தழைச்சு நிக்கிறாருங்க தாத்தா. நம்மளவிட அவருதான் நல்லா இருக்காரு.”

“மதினி, இதுல ஆடு மேஞ்சிருக்கு!” என்று வேலியடியிலிருந்து தம்பியின் மனைவி கத்துவாள்.

“ஆட்டுக்கு மட்டும் உள்ள போக யாரு அனுமதி குடுத்தா? அதையும் கேட்டு எழுதுங்க.”

சிரிப்பு வரும். அழுகையும் வரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு செடிக்கு ஒரு பெயர் கிடைத்தது. காட்டில் குரோட்டன் தானாக முளைக்காது என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை காலமும் அந்த மக்களுடைய சங்கதி வெளியே போக வேண்டுமென்றால் என்னைப் போல ஒருவன் இடையில் தேவைப்பட்டான். அவர்கள் சொல்வதைக் கேட்டு, எண்ணெய் தடவிச் சீவி, பொட்டு வைத்து அனுப்புவதற்கு. இப்போது இடையில் ஒருவரும் இல்லை. தேவைப்படாமல் போன இடையாளுக்கு வருகிற பொறாமையை நான் முன்பு அறிந்திருக்கவில்லை. மீன்காரன் கேற்றடியில் நின்று “லைவ் அம்மா இருக்கிறாவோ?” என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவள் பின்னால்தான் நின்றாள்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். “இஞ்சேரும், நீர் பொதைச்சோம், ஊத்துறோம் எண்டெல்லாம் சொல்லுறீர். படிச்ச ஆக்களும் பாப்பினம்.”

“பாக்கட்டும். அவைக்கு விளங்காட்டி நீங்கள் விளங்கப்படுத்துங்கோ” என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள். என்னோடு கதைக்கும்போது எப்போதும்போல எங்கள் பேச்சுத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேறொரு பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, லைவுக்குக் கீழே எழுதினேன். அம்மையாரின் முயற்சி போற்றத்தக்கது, எனினும் மொழிநடை செம்மையுற வேண்டும் என்று. மண்டபத்தில் இருந்தபடியே அனுப்பினேன். குசினியில் அவள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“இது யாரோ வாத்தியாரு போல இருக்கு” என்றாள்.

வேலியடியிலிருந்து தம்பியின் மனைவி கத்தினாள். “மதினி, நம்ம அண்ணே எழுதுற மாதிரியே இருக்கு!”

குசினியில் கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு அவள், “அவரு பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காருடி. சரி, அடுத்த செடியக் காட்டு” என்றாள்.

இதற்குள் சங்கதி மேலே போய்விட்டது. அந்தத் திணைக்களத்தின் அதிகாரி ஒருவர், தானே லைவில் இணைந்து பதில் சொல்வதாகச் செய்தி அனுப்பினார். மற்ற இணையப் பக்கங்களும் அதை எடுத்துப் போடுவதாக இருந்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் அவள் பயந்ததைக் கண்டேன். சிறுமியாகத் தகப்பனோடு ஏதோ கந்தோருக்குப் போயிருக்கிறாள். அவர் வாய் திறந்ததும் அங்கிருந்தவர்கள் அவரைப்போலவே பேசிக் காட்டிச் சிரித்தார்களாம். அதை அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

“சனத்தோட கதைக்கலாம். கந்தோர் ஆளோட எனக்கு ஏலாது. நீங்கள் மகஜர் எழுதுறனீங்களெல்லோ. எனக்கு ஒண்டு எழுதித் தாங்கோ, பாத்து வாசிக்கிறன்.”

நான் மேசையில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒன்றும் எழுதியதில்லை. ‘எமது மூதாதையர் துயிலும் புனித பூமி’ என்று தொடங்கினேன். மஞ்சள் புள்ளி, கோணல் சிவப்பு, ஆடு, பெரட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஒரு மகஜருக்குக் குரோட்டன் பொருத்தமில்லை என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

மகஜர் எழுதுபவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. கடைசிப் பந்தியில் அதிகாரிக்கு ஒரு வழி விட வேண்டும். கேட்டதைத் தர முடியாவிட்டால் இன்னதையாவது தாருங்கள் என்று. அப்படி விட்டால்தான் அவர் கோபப்படாமல் வாசிப்பார். நானும் எழுதினேன்: ‘மேற்படி இடத்தை வழங்குவதில் சிக்கல்கள் காணப்படின், பொருத்தமான மாற்றுக் காணியொன்றைப் பெற்றுத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றோம்.’

அந்த வசனத்தை முடித்துவிட்டுப் பேனையை வைக்கும்போது எனக்குத் தெரியும். மாற்றுக் காணி கிடைத்தால் அது என் வசனத்தால் கிடைத்ததாக இருக்கும். புது இடத்துக்குப் பழைய குரோட்டன்கள் தேவைப்படாது. பெரட்டு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளும் முடிந்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான் முற்றுப்புள்ளி வைத்தேன்.

அவள் வாசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “இந்தக் கடைசிப் பந்தி எதுக்கு?”

“அது மகஜர் முறை.”

“ஓம்” என்றாள். என் படிப்பின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வெள்ளிக்கிழமை கதிரையைக் குசினியிலிருந்து மண்டபத்துக்கு மாற்றினேன். பின்னால் என் புத்தக அலுமாரி தெரியும்படி அவளை இருத்தினேன். பட்டுச் சேலை கட்டச் சொன்னேன். திரை இரண்டாகப் பிரிந்து மற்றப் பாதியில் அதிகாரி வந்தார். அவள் வாசித்தாள். பிழையில்லாமல், நான் சொல்லிக்கொடுத்த இடங்களில் நிறுத்தி வாசித்தாள். தொலைபேசிக்குப் பின்னால் நின்று நான் கீழே வருபவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘அம்மாவுக்கு என்னாச்சு?’

‘யாரு எழுதிக் குடுத்தது?’

‘இன்னைக்குப் பெரட்டு இல்லையா?’

பார்ப்பவர்களின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. எழுதிய வசனங்கள் என்னுடையவை, அவற்றைக் கேட்டுத்தான் ஆட்கள் விலகிப் போகிறார்கள் என்று நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். அவளையும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற சந்தோஷம். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

கடைசிப் பந்தி வந்தது. அதிகாரியின் முகம் மலர்ந்தது.

“அம்மா மிகவும் நியாயமாகக் கேட்டிருக்கிறார். அவர்களே மாற்றுக் காணி கேட்கிறபடியால் இதில் பிரச்சினைக்கு இடமில்லை. பொருத்தமான ஓர் இடத்தைப் பார்ப்போம். நன்றி, வணக்கம்.”

அவருடைய பாதி மறைந்துவிட்டது. மற்றப் பாதியில் அவள் தாளைப் பிடித்தபடி இருந்தாள்.

உடனே தொலைபேசி அடித்தது. தம்பியின் மனைவி பேசியது தள்ளி நின்ற எனக்கும் கேட்டது. “என்னா மதினி இப்புடிச் சொல்லிப்புட்டீங்க? நம்ம ஆளுகளத் தூக்கிக்கிட்டு எந்தக் காணிக்குப் போறது?”

அவள் தொலைபேசியை வைத்தாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்து தேங்காய் துருவ உட்கார்ந்தாள். துருவியபடியே தலை நிமிராமல் கேட்டாள். “அந்தப் பந்திய வேணுமெண்டு எழுதினனீங்களோ?”

“சீ, இல்லை” என்றேன்.

அடுத்த சில நாட்களில் அந்த மேட்டுக்குத் திணைக்கள ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். பற்றைகளை வெட்டித் துப்பரவாக்கித் தேக்கங்கன்று நடப்போவதாகச் சொன்னார்களாம். குடியிருப்பு ஆட்களே வேறு இடம் கேட்டுவிட்டார்கள், இனி என்ன தடை என்றார்களாம். பற்றையோடு சேர்ந்து குரோட்டன்களும் போகும். அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பத் தொடங்கினாள்.

நானாவின் கடைக்குப் போனேன். வீட்டில் இருக்க ஏலவில்லை. அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“அந்தக் கடைசிப் பந்தி உங்கட வேலைதானே கிளாக்கர் ஐயா?”

“எப்பிடித் தெரியும்?”

“கடைக்கு முன்னால வாய்க்கால் கட்டித் தரச் சொல்லி எனக்கொரு மகஜர் எழுதித் தந்தீங்களே, மறந்துட்டீங்களா? அதிலயும் கடைசியில இப்பிடித்தான் ஒரு பந்தி. வாய்க்கால் கட்ட ஏலாட்டி வேற ஏதும் வசதி செஞ்சு தாங்க எண்டு. குப்பைத் தொட்டி ஒண்டக் கொண்டுவந்து வெச்சிட்டுப் போனாங்க. அந்தா நிக்குது பாருங்க. மழைக்குத் தண்ணி இண்டைக்கும் என்ட கடைக்குள்ளதான் வருது.”

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். வாசலில் அந்தத் தொட்டி மூடியில்லாமல் நின்றது. நான் எழுதிய மகஜர்களில் எத்தனை இப்படி முடிந்தன என்று அன்றுவரை நான் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அவையெல்லாம் பழக்கத்தில் எழுதியவை. இது அப்படியல்ல.

வீட்டுக்கு வந்தேன். அவள் குசினி யன்னலோரம் சும்மா இருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

“வேணுமெண்டுதான் எழுதினனான்.”

அவள் என்னைப் பார்த்தாள். “ஏங்க?” என்றாள். “என்னாத்துக்குங்க?”

கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு அந்தப் பேச்சில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. தெரிந்து பேசினாளா, வாய் தவறி வந்ததா, எனக்குத் தெரியாது.

“பொறாமை” என்றேன்.

“எம்மேலயா? எங்கிட்ட என்னா இருக்குன்னு?”

“உம்மட குரல்.”

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் விளங்காதவள்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அத நீங்கதானே வேணாம்னீங்க.”

நான் யன்னல் படியிலிருந்த மா டின்னை நேராக்கி வைத்தேன்.

“வெள்ளிக்கிழம வந்து இதையே அவுங்ககிட்டச் சொல்லுங்க” என்று எழும்பிப் போய்விட்டாள்.

வாழ்நாள் முழுக்க நான் ஆசைப்பட்ட சபை அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்தது. மாற்றுக் காணிக் கோபத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலானவர்கள் வந்திருந்தார்கள். கதிரை மறுபடியும் குசினிக்குப் போயிருந்தது. அவள் அதில் இருந்தாள். எனக்கு ஒரு பலகைக்கட்டை. தொலைபேசி பழையபடி மா டின்னில் சாய்ந்து நின்றது.

“இன்னைக்குப் பெரட்டுக்கு முந்தி எங்க வீட்டுக்காரரு ஒண்ணு சொல்லணுமாம்” என்றாள்.

நான் தொண்டையைச் செருமினேன். “அன்பார்ந்த நேயர்களே, கடந்த வாரம் வாசிக்கப்பெற்ற வேண்டுகோளின் இறுதிப் பகுதியானது அம்மக்களின் விருப்பத்துக்கு முற்றிலும் முரணானது என்பதையும், அதனை வரைந்த முழுப் பொறுப்பும் அடியேனையே சாரும் என்பதையும்...”

எழுதிவைத்துப் படிக்கவில்லை. நெஞ்சிலிருந்துதான் சொன்னேன். எனக்கு வேறு மாதிரிச் சொல்ல வரவில்லை. திரையில் எழுத்துகள் ஏறின.

‘ஐயா என்ன சொல்றாரு?’

‘கோயில் அறிவித்தலா?’

‘ஐயா தமிழ்ல சொல்லுங்க ஐயா.’

நான் இன்னும் திருத்தமாகச் சொல்லப் பார்த்தேன். சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகியது. வேலியடியில் தம்பியின் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. அப்போது என் மனைவி என் முழங்காலில் கை வைத்து என்னை நிறுத்தினாள். தொலைபேசியைப் பார்த்துச் சொன்னாள்.

“இவரு என்னா சொல்றாருன்னா, வேற காணி வேணும்னு கேட்டது நம்ம இல்லையாம், இவராம். நான் பேசுறத எல்லாரும் கேக்குறீங்கன்னு இவருக்கு வயித்தெரிச்சலாம். அதுல எழுதிட்டாராம். தப்பு இவரோடதாம். நம்ம ஆளுக யாரையும் எங்கயும் தூக்கிக்கிட்டுப் போகலையாம்.” என் பக்கம் திரும்பினாள். “அதானே?”

“ஓம்” என்றேன். எல்லோருக்கும் விளங்கிய என் ஒரே சொல் அதுதான்.

“சரி, பெரட்டுப் போடுவோம். யாரு யாரு ஆளுக உள்ளுக்கு இருக்காங்களோ எல்லாரும் ஒரு தரம் பேரச் சொல்லுங்க.”

அன்றைக்கு வந்த பெயர்களை அவளால் வாசித்து முடிக்க ஏலவில்லை. ஒன்றை வாசிக்கும்போது பல ஏறிப்போயின. அந்தப் பெரட்டை எத்தனையோ பக்கங்கள் எடுத்துப் போட்டன. கேட்டவர் தாமே என்று கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், இனி அந்த மக்களின் பெயரில் எப்படி வெட்டுவீர்கள் என்று பலர் அதிகாரியிடம் கேட்டு எழுதினார்கள். துப்பரவு வேலை தள்ளிவைக்கப்பட்டது. நேரில் பார்ப்பதற்கு ஒரு நாள் குறித்தார்கள்.

அந்த நாள் நானும் போனேன். கேற்றைத் திறந்துவிட்டு அந்த அதிகாரி நின்றார். பெண்கள் உள்ளே போய் அவரவர் செடியடியில் நின்றார்கள். அவள் மஞ்சள் புள்ளிச் செடியின் இலைகளில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். நான் வெளியிலேயே நின்றேன். உள்ளே எனக்குச் சொந்தமான ஆள் இல்லை என்பதற்காக அல்ல. அவளுடைய தகப்பன் உயிரோடு இருந்தபோது நான் அவரை என் வீட்டுக்குள்ளே கூப்பிடவில்லை.

வேலி இன்னும் இருக்கிறது. பரிசீலனையில் இருப்பதாகச் சொல்கிறார்கள். தேக்கு நடவில்லை. அவ்வளவுதான் இதுவரைக்கும்.

அன்று திரும்பி வரும்போது அவள் ஒரு கொப்பை முறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். சிவப்புக் குரோட்டன். வாசலில் அதைக் கண்டதும் பழைய ஆள் எனக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

“சுடலைச் செடிய வீட்டுக்குள்ள கொண்டு வாறதோ?”

“எங்கப்பாதானே, வரட்டும்” என்றாள். “உசுரோட இருக்கையில உங்க வீட்டுக்குள்ள வந்ததில்ல.”

நான் விலகி வழிவிட்டேன். அவள் அதைக் குசினி யன்னலில் ஒரு பழைய வாளியில் நட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பின்னால் தெரிந்த அந்தச் செடியைக் கண்டு யாரோ கேட்டிருக்க வேண்டும். மண்டபத்தில் இருந்த எனக்கு அவள் சொன்னது கேட்டது.

“இதுவா? எங்க அப்பாங்க. மக வீட்டுக்கு வந்திருக்காரு.”

அன்றைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைப் பிறகு என் தொலைபேசியில் பார்த்தேன். பார்க்காமல் இருக்க ஏலவில்லை. நான் பேசிய வெள்ளிக்கிழமையைவிட அதிகம். உள்ளே அந்தப் பழைய பொறாமையின் கீறல் விழத்தான் செய்தது.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நான். அது கோணலாகத்தான் வளர்கிறது.